காலி ஓட்டம்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. இந்த நகைச்சுவையை இங்கே குடியிருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் புதிதாகக் கேட்கிறவன் மாதிரி சிரித்து வைப்பான். அவன் வீடு நாலாவது மாடியில். என் வீடு தரைத்தளத்தில், முழங்கால் உபயம். ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி, ஆபீஸ், கடைவளாகம் எல்லாவற்றிலும் ஜனங்களை ஏற்றி இறக்க வழி செய்துவிட்டு, சாயங்காலம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு மாடியும் நடந்தே ஏறுவான். என் வாசலைத் தாண்டும்போது "அக்கா" என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் வேண்டுமென்றால் நான்தான் கொக்கி போட்டு இழுக்க வேண்டும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஃபிரேமை மூக்கின் மேல் உட்காரவைத்து, காம்பைச் சூடு காட்டிக் காதுக்குப் பின்னால் வளைத்து, சரியாக இருக்கிறதா என்று அரையடி தூரத்தில் நின்று பார்ப்பது என் பிழைப்பு. அதனால் அடுத்தவர் முகத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் தூங்கவில்லை, யார் தூங்கினதாகப் பொய் சொல்கிறார் என்பது கண்ணுக்குக் கீழே எழுதி ஒட்டியிருக்கும். எனக்கென்று குடும்பம் அமையவில்லை. அமைந்த குடும்பம் நாலாவது மாடியில் இருந்தது. தம்பி, தம்பி பெண்டாட்டி, பதினாறு வயதில் ஒரு பெண், பதினாலு வயதில் ஒரு பையன். பெரியவள், சின்னவன் என்றுதான் எங்களுக்குள் பேச்சு.

தம்பிக்கு எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. ஆனால் நடுவில் மூடிய கதவு ஒன்று இருந்துவிட்டால் அவனைப் போல் பேச ஆள் கிடையாது. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டும். அதில் அவனுக்கு ஒரு முறை உண்டு. "இதோ ஆச்சு" என்று சொல்ல மாட்டான். "பயப்படாதீங்க" என்றும் சொல்ல மாட்டான். பயப்படுகிறவரிடம் அதைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் பயப்படுவாராம். நான் வெளியிலதான் இருக்கேன், இப்ப இதைக் கழற்றறேன், இப்பக் கொஞ்சம் சத்தம் கேக்கும் என்று, கையில் எந்த வேலை நடக்கிறதோ அதை மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பான். உள்ளே இருக்கிறவருக்கு அது போதும் என்பான்.

பெண்டாட்டி கிடைத்ததும் இந்த வழியில்தான். ஒரு காப்பீட்டு ஆபீஸில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய்விட்டது. உள்ளே கணக்குப் பிரிவில் வேலை செய்கிற பெண் ஒருத்தி தனியாக. இவன் வழக்கம்போலப் பேசிக்கொண்டே போராடிக் கதவைத் திறந்தால், அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் பாதி இருக்கு, முடிச்சுக்கறேன். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருங்க, நல்லாத்தான் இருக்கு," என்றாளாம். எங்கே பேசுவது, கதவுதான் திறந்துவிட்டதே. கல்யாணத்துக்குப் பிறகு இருவருக்கும் சண்டை வந்தால் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, "இப்பச் சொல்லுங்க" என்பாள். அவனும் வெளியில் நின்று ஒன்றுவிடாமல் சொல்லுவான். என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன்.

கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்பது அவள் இலாகா. அவனுக்குக் கொடுக்கப்பட்ட இலாகா, பெட்டி தூக்குவது. மலை, அருவி, ஏரி என்று வருஷத்துக்கு ஒன்றாகப் பார்த்து முடித்தபின், போன கோடையிலேயே அவள் அடுத்த கோடைக்கும் தீர்மானம் போட்டுவிட்டாள். இனிமேல் பச்சையாக எதையும் பார்க்க அவளால் ஆகாது. ஒரு பெரிய நகரத்துக்குப் போக வேண்டும், தரைக்கடியில் ஓடுகிற ரயிலில் ஏற வேண்டும், கடைக் கண்ணாடிக்குள் இருக்கிறதை எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் நடக்க வேண்டும், கடைசியில் அங்கே இருக்கிற டவரின் உச்சியில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க வேண்டும். டவர் என்றதும்தான் தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். அவ்வளவு உயரத்து லிஃப்டை அவன் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அவன் பேசியது அதிசயம். லிஃப்டுக்கு மறுபக்கம் ஒரு பாரம் தொங்குமாம். உள்ளே பாதி ஆள் இருப்பதாக வைத்துக்கொண்டு அந்தப் பாரத்தைப் பொருத்தியிருப்பார்களாம். அதனால் பாதி ஆள் ஏறியிருந்தால் மோட்டாருக்குச் சுமையே தெரியாது. ஒருத்தரும் இல்லாமல் காலியாக இருக்கிற லிஃப்டை இறக்கத்தான் அது முக்கி முனக வேண்டுமாம். காலியாக இருந்தால் லேசாகத்தானே இருக்கும் என்று நான் சண்டைக்குப் போனேன். இல்லை, காலியை இறக்குவதுதான் கஷ்டம் என்று சாதித்தான். அவன் பெண்டாட்டி குழம்பைக் கிளறிக்கொண்டே, "அப்ப ஒங்களக் காலியா எங்கயும் அனுப்பக்கூடாது," என்றாள். பிள்ளைகள் சிரித்தன. சிரிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை, ஆனால் அந்த வீட்டில் அப்போது சிரிப்பு சல்லிசாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஆபீஸுக்குக்கூடப் போனாள். பிறகு ஆஸ்பத்திரி, பிறகு கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள், பிறகு அவளே இல்லை. அவள் படுத்திருந்த மாடிக்குப் போகிற லிஃப்டும் தம்பி பராமரிக்கிறதுதான். காரியங்கள் எல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்த மறுநாள், அதே லிஃப்டில் ஏதோ கோளாறு என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வேறு ஆளை அனுப்பச் சொல்லடா என்றேன். என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு போய்ச் சரி செய்துவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாமே நன்றாக ஓடியது. அதைப் பார்க்கத்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சொட்டிக்கொண்டிருந்த குழாய் சொட்டுவதை நிறுத்தியது. கிறீச்சிட்ட ஜன்னலுக்கு எண்ணெய் போட்டான். பெரியவள் துணிகளைத் துவைத்து மடித்து அடுக்கினாள். சின்னவன் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினான். மூன்று பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்த டிவியைப் பார்த்தார்கள். என்ன ஓடுகிறது என்று கேட்டால் மூன்று பேருக்கும் தெரியாது. ஒருத்தரும் அழவில்லை. நான் கீழே என் வீட்டில் இரண்டு பங்கு அழுதேன். மேலே போனால் என் கண்ணும் வறண்டுவிடும். தம்பியின் முகத்தை அரையடியில் நின்று பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை, மின்சாரம் போன வீட்டின் ஜன்னல் மாதிரி இருந்தது.

பிள்ளைகளின் சித்தி, அதாவது தம்பி பெண்டாட்டியின் தங்கை, தினமும் போன் செய்வாள். வேறு ஊரில் பெரிய வீடு, தோட்டம், நடந்து போகிற தூரத்தில் நல்ல பள்ளிக்கூடம். பிள்ளைகளைத் தன்னிடம் அனுப்பிவிடச் சொன்னாள். விடுமுறைக்கு மட்டும் என்றுதான் பேச்சை ஆரம்பித்தாள், பிறகு அங்கேயே சேர்த்துவிடலாம் என்றாள். தங்கமான பெண், அதில் குற்றம் சொல்ல முடியாது. மாமா காலையில் போனால் ராத்திரி வருகிறார், வயசுப் பிள்ளைகளுக்கு யார் துணை என்று கேட்டாள். நான் ஒருத்தி கீழே குத்துக்கல்லாட்டம் இருப்பது அவள் கண்ணில் படவில்லை, போகட்டும். தம்பி எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினான். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னான். கோடையில் பிள்ளைகளை அவர்கள் அம்மா சொன்ன ஊருக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய் வருகிறேன், அப்புறம் எங்கே இருப்பது என்று அதுகளே சொல்லட்டும் என்றான். சித்தி ஒத்துக்கொண்டாள். ஆக, அந்தப் பயணம் வெறும் பயணமாக இல்லாமல் போனது. அது நன்றாக நடந்தால் பிள்ளைகள் இங்கே. சொதப்பினால் நாலாவது மாடியில் தம்பி மட்டும்.

பெட்டி தூக்கியே பழகினவன் பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்த கூத்தை என்னவென்று சொல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய தாளை விரித்தான். லிஃப்ட் வரைபடத்தின் பின்பக்கம். அதில் கீழிருந்து மேலாக ஒரு நீளக் கட்டம் வரைந்து, தரைத்தளத்தில் "ரயிலில் இறங்குதல்" என்று எழுதினான். முதல் மாடியில் தங்கும் விடுதி. இரண்டாவது மாடியில் மியூசியம். ஊர் சுற்றுவதையும் மாடி மாடியாகத்தான் அவனால் யோசிக்க முடியும் போலிருக்கிறது. உச்சியில் டவர். மீன்கள் இருக்கிற கண்ணாடி மாளிகைக்குப் போகலாமா என்று பிள்ளைகளைக் கேட்டான்.

அந்த வயதுப் பிள்ளைகளிடம் மொத்தம் மூன்று வார்த்தைகள்தான் உண்டு. "ம்", "தெரியல", "உங்க இஷ்டம்". பெரியவள் இந்த மூன்றையும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். சின்னவன் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டான். அவர்கள் அம்மா இருந்திருந்தால் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டிருப்பாள். இவன் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிட்ட இடத்தில் ஆள் இல்லாத மெக்கானிக் மாதிரி நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். எனக்கு அவனை உலுக்க வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பாத்திரம் தேய்த்தேன்.

பிறகு ஒரு நாள் வெளியூரில் வேலை, இரண்டு ராத்திரி பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றான். அவன் கம்பெனி அவனை வெளியூர் அனுப்புவது வழக்கமில்லை, ஆனாலும் நான் கேட்கவில்லை. பிள்ளைகள் என் வீட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டன. திரும்பி வந்தவன் கால் வீங்கியிருந்தது. என்ன வேலைடா, லிஃப்ட் இருந்தும் படியேறினாயா என்று கேட்டதற்கு, "நடக்க வேண்டியிருந்துச்சு," என்றான். கிணற்றில் போட்ட கல்.

அதற்கடுத்து அவன் தாளை விரித்த நாள், ஆளே மாறியிருந்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நானும் மேலேதான் இருந்தேன். ரயிலில் இறங்கினதும் எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த வாசலில் வெளியே வர வேண்டும் என்று கடகடவென்று சொன்னான். விடுதியில் தெருவைப் பார்த்த அறை வேண்டாம், எதிர்க்கடையின் விளம்பர விளக்கு ராத்திரி முழுக்க மின்னி மின்னித் தூங்கவிடாது, பின்பக்க அறைதான் கேட்க வேண்டும் என்றான். காலையில் அங்கே ரொட்டி சுடுகிற பெட்டி ஒரு பக்கத்தை மட்டும் கருக்கிவிடும், அதனால் பாதியில் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும் என்றான். சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு. தம்பிக்கும் உற்சாகம் வந்து, டவருக்குப் போகிற ஸ்டேஷனில் மேலே ஏறுகிற எஸ்கலேட்டர் ஓடாது, நாம் இடது பக்கம் போய்விட வேண்டும், அங்கே ஒரு லிஃப்ட் இருக்கிறது என்றான்.

பெரியவள் போனில் தேடிக்கொண்டிருந்தாள். அவளும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

"எஸ்கலேட்டர் ஓடாதுன்னு எங்கயும் போடலியே. யாரு சொன்னா?"

தம்பிக்குப் பொய் வராது. அதற்கு வேண்டிய முகம் அவனிடம் இல்லை. பென்சிலை உருட்டினான்.

"அப்பா, நீங்க அங்க போய்ட்டு வந்துட்டீங்களா?"

"ம்."

"வெளியூர் வேலைன்னு சொன்னீங்களே, அப்பவா?"

"ம்."

"டவருக்கும் போனீங்களா? மேல வரைக்கும்?"

அவன் தலையை ஆட்டினான். சின்னவனின் சிரிப்பு பாதியில் நின்று முகத்திலேயே இருந்தது. பெரியவள் கத்தவில்லை, அழவுமில்லை. யாருடைய குடும்பத்தையோ பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள்.

"அது அம்மா பார்க்கணும்னு சொன்ன எடம். எங்கள விட்டுட்டு நீங்க மட்டும் போய்ப் பார்த்துட்டீங்க. இனிமே அங்க என்ன இருக்கு?"

எழுந்து அவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அந்த வீட்டுக் கதவுகள் அட்டை மாதிரி, உள்ளே பேசுவது கூடத்தில் கேட்கும். சித்திக்குத்தான் போன் போட்டாள். நாளைக்கே வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சமையலறைக்குள் அவனை இழுத்துக்கொண்டு போய், கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா, தனியாக உல்லாசப் பயணம் போய் வந்ததுமில்லாமல் அதைப் பிள்ளைகளிடமே அவிழ்த்துவிட்டாயே என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான்.

"ஆளில்லாம ஒரு தடவ ஓட்டிப் பார்க்காம எப்படிக்கா ஏத்தறது?" என்றான்.

அது அவர்கள் தொழிலில் சட்டம். எவ்வளவு அவசரமானாலும், வாசலில் எள் விழ இடமில்லாமல் கூட்டம் நின்றாலும், கையை வைத்த லிஃப்டைக் கீழிருந்து மேல்வரை, மேலிருந்து கீழ்வரை காலியாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆளை ஏற்றுவார்கள். காலி ஓட்டம் என்பான். அந்தப் பழக்கத்தில், பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் அந்த ஊரையே ஒரு தடவை காலியாக ஓட்டிப் பார்த்திருக்கிறான். உலகத்தில் வேறு எந்த அப்பனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

மறுநாள் காலையில் சித்தி வந்துவிட்டாள். நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீரோடுதான் உள்ளே நுழைந்தாள். சின்னவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கட்டிப்பிடிக்கக் கொடுத்தான். அவனுடைய பெட்டி கூடத்தில் தயாராக இருந்தது, தம்பியே அடுக்கிக் கொடுத்திருந்தான். சட்டைகளை அவ்வளவு நேர்த்தியாக மடித்திருந்தான்.

பெரியவள் மட்டும் வெளியே வரவில்லை. சித்தியைக் கூப்பிட்டவளே சித்திக்குக் கதவைத் திறக்கவில்லை. சித்தி செல்லமாகத் தட்டினாள், கெஞ்சினாள், வழியில் என்னவெல்லாம் வாங்கித் தருவேன் என்றாள். அடுத்து நான் என் பாணியில் தட்டினேன், அதை இங்கே எழுத வேண்டாம். உள்ளே கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது, அவ்வளவுதான். அவளுக்கும் எந்த மாடியில் இறங்குவது என்று தெரியவில்லை போலும்.

தம்பி வந்தான். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். வேலைக்கு உட்காருகிற மாதிரியே, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி.

"நான் வெளியிலதான் இருக்கேன்," என்றான். "கதவத் திறக்கச் சொல்லல. சித்தி வந்தாச்சு. சின்னவன் பெட்டி கூடத்துல இருக்கு. அத்தை என்னைய மொறச்சுக்கிட்டு நிக்கறா."

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"டவருக்கு ஏன் போனேன்னு சொல்றேன். வழி பார்க்கறதுக்கு மட்டும் இல்ல. அம்மா சொன்ன எடம். அங்க போய் நின்னதும் உங்க ரெண்டு பேரு முன்னாடி நான் ஒடஞ்சு போயிட்டா, உங்கள யாரு கீழ கூட்டிட்டு வருவா? அதான் மொதல்ல தனியாப் போய்ப் பார்த்தேன்."

நல்ல பேச்சு. அத்தனை மாதங்களில் அவன் வாயிலிருந்து வந்த மொத்தத்தையும் சேர்த்தாலும் இவ்வளவு இருக்காது. உள்ளே கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. காலடிச் சத்தம் கதவுக்கு அருகில் வந்து நின்றது. பிறகு அவளும் அந்தப் பக்கம் தரையில் உட்காரும் சத்தம்.

"அழுதீங்களா?" என்றது அவள் குரல்.

"இல்ல. ஒண்ணுமே தோணல. காபி வாங்கிக் குடிச்சேன். காபி நல்லால்ல. கீழ ஊரு பூராத் தெரிஞ்சுது. எனக்கு ஒண்ணும் தோணல. அதான் எனக்குப் பயமாப் போச்சு."

கூடத்தில் சின்னவன் தன் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஷூவின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கக்கூட எனக்கு அசையத் தோன்றவில்லை.

"எனக்கும் தோண மாட்டேங்குதுப்பா," என்றாள் பெரியவள். "ஆஸ்பத்திரிலயும் தோணல. இப்பவும் தோணல. எனக்கு அம்மாவப் பிடிக்கவே பிடிக்காதோன்னு நெனச்சேன். சித்தி வீட்டுல எல்லாரும் அழுவாங்க. அங்க போய் இருந்தா எனக்கும் வருமோன்னுதான்."

எங்கள் எல்லோரையும் காட்டிலும் நிறைய அழுதவள் சித்திதான். தன் அழுகைக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

தம்பி அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. அப்படியெல்லாம் இல்லையம்மா என்று எந்த அப்பனும் சொல்லியிருப்பான், நானே சொல்லியிருப்பேன். அவன் தன் முறைப்படி, நடந்ததை மட்டும் சொன்னான்.

"எறங்கத்தான் முடியல."

"என்னது?"

"டவர்ல மேல சுலபமாப் போய்ட்டேன். எறங்க முடியல. லிஃப்ட் வந்து நிக்கும், கதவு திறக்கும், மூடும், போயிடும். நான் ஏறல. ஏன்னு தெரியல. மூடற நேரமாச்சுன்னு ஆளு வந்து சொல்ற வரைக்கும் அங்கேயே நின்னுக்கிட்டிருந்தேன்."

தெருவில் ஒரு வண்டி மணி அடித்துக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்தது. அது நின்ற பிறகு அவள் பேசினாள்.

"அம்மாதான் அப்பவே சொன்னாங்களே. ஒங்களக் காலியா எங்கயும் அனுப்பக்கூடாதுன்னு."

தம்பி கதவில் பின்தலையைச் சாய்த்துக்கொண்டான். அரையடி தூரத்தில் இல்லை, நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன், ஆனாலும் அவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. வலி. சாதாரண மனிதனுக்கு வருகிற வலி. அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது, சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

"அப்பா."

"இங்கதான் இருக்கேன்."

"அந்த எஸ்கலேட்டர் இன்னும் ஓடாமத்தான் இருக்குமா?"

தெரியாததைச் சொல்லக் கூடாது என்பது அவன் பழக்கம்.

"தெரியல," என்றான். "ஓடலன்னா நாம இடது பக்கம் போயிடலாம்."

கதவு திறக்கவில்லை. அவனும் எழுந்திருக்கவில்லை. நான் சித்தியின் கையை விட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். சின்னவனைப் பெட்டியின் மேலிருந்து எழுப்பிவிட்டு, குனிந்து ஜிப்பைத் திறந்து, மேலே மடித்து வைத்திருந்த சட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் எந்த அலமாரிப்பா?" என்று கேட்டாள்.